சீட்டுக்கட்டும் செபமாலையும்

தாம்பரம் மின்சார ரயிலில் சீட்டாடிக் களைப்பாறுவோரை நாம் கண்டதுண்டு. 1990-இல் விண்டோஸ் 3.0 மென்பொருளுடன் வந்த சாலிட்டேர் என்னும் சீட்டாட்டமும் தீயதன்று. சீட்டுகளை இழுத்து அடுக்கச் செய்தே, மௌஸ் அறியாத கைகளைப் பழக்கியது. பணம் புகுந்தபோதே ஆட்டம் சூதாயிற்று. கைப்பேசி ரம்மியில் பொருளிழந்து, உயிரையும் மாய்த்துக்கொண்டோர் நம் மாநிலத்தில் உளர். 2022-இல் தமிழகம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2025-இல் நடுவண் அரசு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. சட்டம் கடையை மூடும். மறைவில் ஆடும் மகனின் தனிமையை யார் போக்குவது? இன்றிரவு செபமாலைக்குப்பின், பணமின்றி அவனோடு சீட்டாடுங்கள். கடன்பட்டிருந்தால், அதைச் சொல்ல அவனுக்கு அங்கே ஒரு வழி பிறக்கும்.