வைப்பினை 2011லேயே நிறுத்திவைப்பதா?

கேரளத்தில் உள்ளாட்சி வார்டுகளை மாற்றி வரைந்தபோது கையில் எடுத்தது 2011 மக்கள்தொகையை. எளங்குன்னப்புழை முதல் பள்ளிப்புறம் வரை வைப்பின் தீவின் ஊராட்சிகளுக்கும் அதே கணக்குதான். இந்த முடிவை ஏற்க முடியாது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவைக் காட்டித் தள்ளிப்போடப்பட்டது. தொற்று அடங்கிய பிறகும் இழுத்தடித்தார்கள். உலகப்போர் நடந்த 1941இல்கூட நிற்காத பணி இது. இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்குக்குரிய நாளாகக் குறித்திருக்கிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் தீவு அப்படியே இருந்ததா? எடவனக்காட்டில் ஓதம் ஏறும் நாள்களில் கடல்நீர் வாசல்படி தாண்டி உள்ளே வருகிறது. அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றிவைக்கிறார்கள். நீர் வடிந்ததும் சுவரின் பூச்சு உப்பேறி உதிர்கிறது. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருப்பவர்கள் வேறிடம் போக, 'புனர்கேகம்' திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தருவது அரசேதான். மக்களை இடம்பெயரச் சொல்லிவிட்டு, பெயர்வதற்கு முந்தைய கணக்கில் வார்டு பிரிப்பது என்ன நியாயம்?

அந்தப் பழைய கணக்காவது ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. விவசாயிக்கு ஒரு கட்டம், விவசாயக் கூலிக்கு ஒன்று, வீட்டுத்தொழிலுக்கு ஒன்று. கடலுக்குப் போகிறவருக்கு? 'இதர தொழிலாளர்'. வங்கி மேலாளரும் வலை இழுப்பவரும் ஒரே கட்டத்தில்! இந்தக் கட்டங்களை வைத்தே ஊரின் வகையும் முடிவாகிறது. ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், மக்கள்தொகையும் நெருக்கமும் சேரும்போது, அந்த ஊர் கணக்கெடுப்பில் 'நகரம்' ஆகிவிடும். கேரளத்தில் இப்படிப்பட்ட நகரங்கள் 2001இல் 99, 2011இல் 461. சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள, பல இடங்களில் மூன்று கிலோமீட்டர்கூட அகலமில்லாத இந்த மணல்திட்டில், மிக நெருக்கமாக வாழும் மக்களில் எத்தனை பேர் மீனவர்கள் என்பதை அந்த 'இதர தொழிலாளர்' கட்டம் சொல்லவே சொல்லாது. தொழிலே தெரியாமல் துறைமுகத்துக்கும் கடல்சுவருக்கும் எந்த அடிப்படையில் பணம் ஒதுக்குகிறார்கள்?

எண்ணத் தவறியதன் விலையை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு அதிகாரிகளிடம் உறுதியான எண் இல்லை. அவர்கள் ஒன்று சொன்னார்கள். பங்குத்தந்தையர் கையிலிருந்த பட்டியல் வேறாக இருந்தது. பிள்ளையைத் தேடிய தாய்மார்கள் நடுவில் அல்லாடினார்கள். 2018 ஆகஸ்டில் தீவின் வடகோடியிலுள்ள முனம்பத்திலிருந்து புறப்பட்ட 'ஓஷியானிக்' படகைக் கப்பல் மோதியது. மாண்டவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்து ராமன்துறைக்காரர்கள். மலையாளக் கரையில் உழைத்துத் தமிழ்க் கரைக்குச் சவமாகத் திரும்பியவர்கள் எந்த ஊர்க் கணக்கில் இருந்தார்கள்?

மார்ச் 1ஐக் குறித்த அடுத்த கணக்கெடுப்பிலும் ஆள்களை எண்ணும் பணி பிப்ரவரியில் வருகிறது. மழைக்காலத்து 52 நாள் தடை இல்லாத, படகுகள் ஆழ்கடலில் கிடக்கும் மாதம் அது. குமரிப் பிள்ளைகள் அப்போது வீட்டிலும் இருக்க மாட்டார்கள், முனம்பத்தில் நிலையாகக் குடியிருப்பவர்களாகவும் இருக்க மாட்டார்கள். அவர்களை விடாமல் எண்ண ஒரு வழியை இரு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து இப்போதே யோசிக்க வேண்டும். மீனவர் என்ற தொழிலுக்குத் தனி இடமும் வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை 2011ஐக் காட்டி இந்தத் தீவில் இன்னொரு எல்லை வரையக் கூடாது.