பிராஸிக்யூட்டரும் ஜனங்களும்

அமெரிக்க நகரங்களில் சர்க்கார் பிராஸிக்யூட்டர்கள் கோர்ட்டு வாசலைத் தாண்டித் தெருவிலிறங்கி, குற்றம் நிகழாதபடி தடுக்கும் வேலையையும் தாமே மேற்கொள்ளும் வழக்கம் 1990-ஆம் வருஷத்தையொட்டி வலுப்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டத்தை எடுத்துரைத்தல், போதைக்கு அடிமையானவர்களைச் சிறைக்கனுப்பாமல் சிகிச்சைக்கனுப்புதல், சிறையினின்றும் மீண்டவர்களுக்கு வேலை தேடித் தருதல் முதலியவை அவ்வேலைகளுட் சில. இவ்வழக்கத்தைச் சிலர் வானளாவப் புகழ்கின்றனர். வேறு சிலர் இது வெறும் தேர்தல் விளம்பரமென்று தள்ளிவிடுகின்றனர். இரண்டும் ஆராயாது சொல்லும் முடிவுகளே யென்பது நமது அபிப்பிராயம். நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் நடந்தவற்றைக் கவனிப்போர்க்கு இம்முறையின் குணமும் தோஷமும் ஒருங்கே விளங்கும்.

நமது நாட்டுப் பப்ளிக் பிராஸிக்யூட்டரை மனத்திற்கொண்டு அமெரிக்க ஜில்லா அட்டர்னியை அளவிடலாகாது. நம்மவர் சர்க்காரால் நியமிக்கப்பெற்று, போலீஸார் விசாரித்து முடித்த வழக்கைக் கோர்ட்டில் நடத்துபவர். புரூக்ளினின் ஜில்லா அட்டர்னியோ நான்கு வருஷங்களுக்கொருமுறை ஜனங்களின் வோட்டால் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவருடைய எல்லைக்குள் வசிப்போர் 2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இருபத்தேழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். யார்மீது வழக்குத் தொடருவது, எந்தக் குற்றத்தைச் சாட்டுவது, எதைக் கைவிடுவது, குற்றத்தை ஒப்புக்கொள்பவனுக்கு என்ன தண்டனையோடு திருப்தியடைவது என்பனவெல்லாம் பெரும்பாலும் அவர் விருப்பத்தைப் பொறுத்தவை. அந்நாட்டில் மிகப் பெரும்பாலான கிரிமினல் வழக்குகள் விசாரணைக்கே வராமல் இத்தகைய ஒப்பந்தங்களால் முடிந்துபோகின்றன. இவ்வளவு அதிகாரம் படைத்தவர் ஒரு கையை உதவிக்கென நீட்டும்போது மற்றொரு கையில் தண்டம் இருப்பதை எவரும் மறக்க முடியாது. இவ்விஷயத்தின் சிக்கலெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

1990-ல் அப்பதவியை ஏற்ற சார்லஸ் ஹைன்ஸ் என்பவர் தமது காரியாலயத்தை ஐந்து வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்து வழக்குகளையும் அவ்வட்டாரத்தை நன்கறிந்த வக்கீல்களிடம் ஒப்புவித்தார். உதவி பிராஸிக்யூட்டர்கள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று ஐந்தாம் வகுப்பு மாணவர்களோடு பேசினார்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அதே வருஷத்தில் அவர் தொடங்கிய போதைச் சிகிச்சைத் திட்டமாகும். 1973-ஆம் வருஷத்து நியூயார்க் சட்டங்களின்படி, பெருங்குற்றமொன்றில் முன்னரே தண்டனையடைந்தவன் மறுமுறை அத்தகைய குற்றத்தில் அகப்பட்டால் சிறைவாசம் தப்பாதென்ற நிலைமை அக்காலத்தில் இருந்தது. போதைக்கு அடிமையாகி, அப்பழக்கத்துக்காகச் சிறிதளவு மருந்தை விற்று அகப்பட்டவர்கள் மீண்டும் மீண்டும் சிறை சென்று, சென்றவாறே திரும்பிவந்தனர். ஹைன்ஸ் காரியாலயம் அவர்களுள் பலாத்காரம் செய்யாதவர்களைப் பொறுக்கியெடுத்து, பதினைந்து முதல் இருபத்துநான்கு மாதம்வரை விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறச் செய்தது. சிகிச்சையை முடித்தவர்மீதுள்ள வழக்கு தள்ளுபடியாகும். நடுவில் விட்டவர் சிறை செல்வார்.

பலன் என்ன? கொலம்பியா சர்வகலாசாலையைச் சார்ந்த போதைப்பழக்க ஆராய்ச்சி நிலையம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இத்திட்டத்திற் சேர்ந்தோர், சேராது சிறைசென்ற அத்தகையோரைக் காட்டிலும், மறுபடி கைதாவது நூற்றுக்கு 26 பங்கும், மறுபடி சிறை புகுவது நூற்றுக்கு 67 பங்கும் குறைவாக இருந்தது. செலவோ சிறையில் வைத்துக் காப்பதற்காகும் தொகையில் ஏறக்குறையப் பாதிதான். வரி கொடுப்போனுக்குப் பணம் மிச்சம். குடும்பத்துக்கு ஓர் ஆள் மிச்சம். வீதியில் போவோர் வருவோர்க்குப் பயம் குறைவு. இதை விளம்பரமென்று ஒதுக்குவது நியாயமாகாது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் ஏற்பட்ட முறைப்படி, இத்திட்டத்திற் புக விரும்புவோர் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் தகுதியுடையவர் என்று பொறுக்கியெடுப்பவர் பிராஸிக்யூட்டர். இஃது உதவிதான், ஆனால் மறுத்தால் பல வருஷச் சிறை காத்திருக்கையில் ஏற்றுக்கொள்ளப்படும் உதவி. சிகிச்சை பெறுவதற்கு முதலில் கைதாக வேண்டுமென்றிருக்கும் நாட்டில், வைத்தியசாலைகள் செய்யவேண்டிய வேலையை வழக்கு நடத்துபவர் செய்ய நேர்ந்திருக்கிறது. அவரைக் குறைகூறுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. இவ்வேலை அவரிடம் வந்து சேர்ந்த நிலைமையையே எடுத்துக்காட்டுகின்றோம்.

ஜனங்களோடு கலந்து பழகுவதென்றால் எந்த ஜனங்களோடு என்னும் கேள்வியும் உண்டு. இதற்கு மேற்குக் கரையிலுள்ள போர்ட்லண்டு நகரம் தக்க உதாரணம். அங்கும் 1990-ல்தான், மைக்கேல் ஷ்ரங்க் என்னும் ஜில்லா அட்டர்னி ஒரு வட்டாரத்துக்கென்றே தனி பிராஸிக்யூட்டரை அமர்த்தினார். அதைக் கேட்டவர்கள் அவ்வட்டாரத்து வர்த்தகர்கள். ஆரம்பத்திற் பணம் கொடுத்தவர்களும் அவர்களே. அவ்வட்டாரத்தார் முறையிட்டது கொலை கொள்ளைகளைப் பற்றியன்று. பொது இடங்களிற் குடித்தல், கண்ட இடத்தில் கூடாரமடித்துத் தங்குதல், வண்டிகளை உடைத்துத் திருடுதல் போன்ற தொல்லைகளைப் பற்றியே. கோர்ட்டுக்குப் போகாமலே இவற்றிற் சிலவற்றுக்குப் பரிகாரம் காணப்பட்டது மெச்சத்தக்கது. எனினும் கடைக்காரருக்குத் தொல்லையாகத் தோன்றும் கூடாரவாசியும் ஒரு பிரஜையே. கூட்டத்துக்கு அழைக்கப்படுவோரின் குறைகளை மட்டும் கேட்டு, அழைக்கப்படாதவரின்மேல் சட்டத்தை ஏவுவது ஜனசேவை ஆகாது.

மறுபடியும் புரூக்ளினுக்கு வருவோம். பள்ளிகளிற் பேசியும் சிகிச்சையளித்தும் நற்பெயரெடுத்த அதே காரியாலயம் பெற்ற தீர்ப்புகளிற் சில, நிரபராதிகளைச் சிறையில் அடைத்தவை என்பது பின்னால் வெளிவந்தது. ஹைன்ஸே 2011-ல் பழைய தீர்ப்புகளைச் சோதிக்க ஒரு பிரிவை ஏற்படுத்தினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஜனங்களின் மனக்கசப்பு அதனால் தீரவில்லை. 2013-ஆம் வருஷத் தேர்தலில் கென்னத் தாம்ஸன் அவரைத் தோற்கடித்தார். புதியவர் 2014-ல் அச்சோதனைப் பிரிவை விரிவாக்கிப் பலப்படுத்தினார். அக்காரியாலயம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில், ரத்துச் செய்யப்பட்ட 25 தண்டனைகளின் விவரம் வெளியாயிற்று. அத்தண்டனைகளை அடைந்தோர் அநியாயமாகச் சிறையிற் கழித்த காலம் மொத்தம் 426 வருஷம். அவற்றுட் சில ஹைன்ஸுக்கு முந்திய காலத்தவை. பொய்யான வாக்குமூலம், தவறாக அடையாளம் காட்டிய சாக்ஷி, எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தெரிவிக்காமல் விடப்பட்ட சாக்ஷியம் என்று காரணங்கள் பல.

தன் மகன் செய்யாத குற்றத்துக்காகப் பதினைந்து இருபது வருஷம் சிறையிலிருக்கக் கண்ட தாய்க்கு, பள்ளிக்கூடத்தில் நடந்த சட்ட வகுப்பு என்ன ஆறுதல் தரும்? அவளுடைய தெருவில் நாளை ஒரு கொலை நடந்தால் சாக்ஷி சொல்ல யார் முன்வருவார்? சாக்ஷி சொல்வாரில்லாத தெருவில் உண்மைக் கொலையாளி துணிவுடன் திரிவான். நிரபராதியைத் தண்டிப்பது அநீதி மட்டுமன்று, அடுத்த குற்றத்துக்கு வழிதிறந்து விடுவதுமாகும்.

தாம்ஸன் 2015-ல் தொடங்கிய வேறொரு காரியம் நமக்கு மிகவும் திருப்தியளிக்கின்றது. வீதியில் மதுப்புட்டியைத் திறந்து வைத்திருத்தல், நடைபாதையில் சைக்கிளோட்டுதல், மூடும் நேரத்துக்குப் பின் பூங்காவில் இருத்தல் போன்ற அற்ப விஷயங்களுக்குப் போலீஸார் சம்மன் கொடுப்பர். குறித்த நாளில் கோர்ட்டுக்குப் போகத் தவறியவன்மேல் வாரண்டு பிறக்கும். பத்து வருஷம் கழித்து வேறெதற்காகவோ போலீஸார் அவனை நிறுத்தினால், அந்த வாரண்டின்மேல் அவன் ராத்திரியை லாக்கப்பில் கழிக்க நேரும். நியூயார்க் நகரில் இத்தகைய வாரண்டுகள் பத்து லட்சத்துக்கு மேல் தேங்கிக் கிடந்தன. 'மீண்டும் தொடங்கு' என்று பொருள்படும் பெயரால் தாம்ஸன் நடத்திய முகாம்களுக்கு நீதிபதியும், இலவசச் சட்ட உதவி வக்கீல்களும், பிராஸிக்யூட்டர்களும் சேர்ந்து வந்தனர். கைதாவோம் என்னும் அச்சமின்றி ஜனங்கள் வந்து வாரண்டுகளைத் தீர்த்துக்கொண்டு போயினர். 2016-ல் தாம்ஸன் காலமானபின் அவ்விடத்துக்கு வந்த எரிக் கன்ஸாலெஸ், 2017 ஆகஸ்டில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட 1,43,532 வாரண்டுகளை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்யக் கோரிப் பெற்றார். மற்ற மூன்று ஜில்லா அட்டர்னிகளும் அவ்வாறே செய்யவே, நகரமெங்கும் சுமார் 6,44,000 வாரண்டுகள் ஒழிந்தன.

இந்த முகாம்களை மற்றெல்லாவற்றினும் மேலாக நாம் கருதுவதேன்? இங்கே பிராஸிக்யூட்டர் ஜனங்களுக்கு நல்லொழுக்கம் உபதேசிக்க வரவில்லை. சட்டத்தின் பெயரால் அவர்கள் தலைமேலேறிய பாரத்தை இறக்கவே வந்தார். அவருடைய வழக்கமான அதிகாரமே உதவியின் உருவெடுத்தது. சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்திருந்தவன் பகிரங்கமாக வேலைக்குப் போகலாம். தன் வீட்டில் திருட்டுப்போனால் போலீஸாரிடம் சொல்லலாம். குற்றத்தைத் தடுப்பதென்பதில் இதுவும் அடங்கியதே.

ஆகவே இத்தகைய திட்டங்களை, எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது என்னும் கணக்கைக் கொண்டு மதிப்பிடலாகாது. திட்டத்திற் சேர்ந்தவர் மறுபடி கைதாவது குறைந்ததா, வெளியார் யாரேனும் அதைச் சோதித்தனரா, கூட்டத்துக்கு அழைக்கப்படாதவரின் குறைக்கும் செவி கொடுக்கப்பட்டதா, தன் கையால் நேர்ந்த அநீதியைத் தேடித் திருத்தும் வேலையும் உடன் நடக்கிறதா என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஹைன்ஸின் போதைச் சிகிச்சைத் திட்டம் தக்க விடையளித்தது. கடைசிக் கேள்விக்குப் போதிய விடையளியாததனாலேயே அவருடைய நற்பெயர் குன்றிற்று. பிராஸிக்யூட்டரின் முதற்கடமை கோர்ட்டில் நியாயமாக நடப்பது. அதில் தவறாதவர் தெருவிலிறங்கிச் செய்யும் உதவியை ஜனங்கள் நம்பி ஏற்பர். தவறியவரின் உதவியைக் கைநீட்டி வாங்கிக்கொள்வார்களே யன்றி, அவரிடம் வந்து சாக்ஷி சொல்லமாட்டார்கள்.