இரவில் பல் தேய்ப்பது ஆடம்பரமா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, குன்னூர் பக்கம் இரவு ஒன்பது மணிக்குக் குழாய்த் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். விரல் மரத்துப் போகும்! அதனாலோ என்னவோ, இங்கே பலருக்குப் பல் தேய்ப்பது என்றால் காலையில் மட்டும்தான். இரவிலும் தேய்க்கச் சொன்னால் "அதெல்லாம் டவுன்காரங்க பழக்கம்" என்பார்கள். என் கருத்து வேறு. காலையில் தேய்ப்பதைவிட இரவில் தேய்ப்பதுதான் முக்கியம்.

நம் மலையில் டீ குடிக்காமல் பொழுது போகாது. டீயின் மேல் குற்றமில்லை. வெறும் டீ பல்லில் கறை பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். வினை சர்க்கரையில் இருக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அது அடங்க சுமார் அரை மணி நேரம் ஆகும். நாளுக்கு ஆறு டீ என்றால் மூன்று மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது! பகலில் உமிழ்நீர் ஓரளவு காப்பாற்றும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். கடைசி டீயைக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

ஈறில் இரத்தம் வருகிறது என்று சிலர் தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பல்லோரம் படியும் அழுக்கால்தான் ஈறு வீங்கி இரத்தம் வருகிறது. மென்மையான பிரஷால், ஈறு ஓரமாக, அழுத்தாமல் 2 நிமிடம் தேய்க்க வேண்டும். ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். கறை போக வேண்டுமென்று கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் கறையோடு எனாமலும் போகும்!

செலவு? காமர்ஸ் படிக்கிறவன் கணக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா! பேஸ்ட், பிரஷ் இரண்டுக்கும் 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பேஸ்ட் வைக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்டா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

குளிருக்கும் வழி இருக்கிறது. டீக்கு அடுப்பில் வைக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் சேர்த்து வையுங்கள். நுரையைத் துப்பினால் போதும், நிறையக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கழுவிப் போய்விடும்.

பல் வலி வந்தால் எஸ்டேட்டிலிருந்து டவுனுக்குப் போக வேண்டும். பஸ் கட்டணமும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. அதற்கு முன் தினமும் இரவில் 2 நிமிடம் ஒதுக்குவது ஆடம்பரமா, சிக்கனமா?