எந்திரத்துள் விழுந்த நட்டு

கைத்தொழில் பயிலும் இளைஞரைத் திடுக்கிடச் செய்யும் சிறிய ஓசை ஒன்றுண்டு. திறந்து கிடக்கும் எந்திரத்துள்ளே ஒரு நட்டு விழுந்து, எங்கோ மோதி, அடங்கிவிடும் ஓசையே அது. நட்டின் விலை அற்பந்தான். ஆயினும், அது விழுந்த அடுத்த கணத்தில் நாம் செய்வதைப் பொறுத்தே பெருவிலை கொடுத்து வாங்கிய எந்திரம் பிழைப்பதும் பாழாவதும் அமைகின்றன.

பாய்மரப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடலோடும் பாய்மரப் படகுகள் பலவற்றின் வயிற்றிலே சிறு டீசல் எந்திரமும் உண்டு. காற்று ஓய்ந்தபோதும், துறைமுகத்துட் புகும்போதும் அதுவே துணை. ஆனால், அது கிடப்பதோ ஒரு கை நுழைவதற்கே இடமில்லாத இடுக்கில். அங்கே கண் காண்பதைக் கை எட்டாது. கை எட்டுவதைக் கண் காணாது. போதாததற்குப் படகும் ஆடும். நட்டு நழுவுவதில் வியப்பென்ன? எந்திரத்துக்கு வெளியே, படகின் அடிப்பள்ளத்தில் விழுந்தால், நூலிற் கட்டிய காந்தத்தால் எடுத்துவிடலாம். காற்றுப் புகும் துவாரத்துள் விழுந்தாலோ கதை வேறு.

அத்துவாரத்தின் அடியில் வால்வு மூடியிருக்குமாயின், நட்டு அதன் மேலேயே தங்கிவிடும். எந்திரத்தைச் சிறிது சுழற்றினாலும் வால்வு திறக்கக்கூடும். நட்டு சிலிண்டருக்குள் சறுக்கிவிடும். டீசல் எந்திரத்தில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, அதற்கும் மேல்மூடிக்கும் இடையே எஞ்சும் வெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே. நட்டின் கனமோ அதனிற் பன்மடங்கு. அதன் பின் பிஸ்டன் உடையலாம், வால்வு வளையலாம், மேல்மூடி வெடிக்கலாம். ஆகவே முதல் விதி இதுதான்: கையை நிறுத்துக, எந்திரத்தைச் சுழற்றற்க. மின்கலத்தின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டால், வேறொருவர் அறியாது முடுக்கிவிடவும் இயலாது.

அடுத்து, விழுந்தது எவ்வுலோகம் என்று அறிதல் வேண்டும். இரும்பும் சாதாரண உருக்கும் வளையும் தண்டில் பொருத்திய காந்தத்துக்கு வசப்படும். பித்தளையும் அலுமினியமும் வசப்படா. படகுகளில் மிகுதியாக வழங்கும் துருவேறா உருக்கும் பெரும்பாலும் அவ்வாறே. அவற்றுக்குக் கம்பி நுனியில் ஒட்டுப்பசையோ கெட்டியான கிறீசோ தடவி, ஒற்றி எடுக்கலாம். மெல்லிய குழாயின் முனையிலுள்ள சிறு கமராவினால் உள்ளே பார்க்கவும் இக்காலத்தில் வழியுண்டு. இவை யாவும் தவறினால் மேல்மூடியைக் கழற்றவேண்டியதுதான். அது ஒரு நாள் வேலை. உடைந்த எந்திரமோ பல மாத வருமானம். திறந்த துவாரத்தில் ஒரு சுத்தமான துணியை முன்னரே செருகி வைப்பவனுக்கு இந்தத் தொல்லைகள் எவையுமில்லை. பின்னர் அத்துணியை எடுக்க மட்டும் அவன் மறத்தலாகாது.

நமது இரத்மலானையில் இப்பாடத்துக்கு இன்னும் பெரிய பொருளுண்டு. 1935 நவம்பர் 27ஆம் நாள் முதல் விமானம் அங்கே இறங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் டக்கோட்டா விமானம், காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற் பயணம் புறப்பட்டதும் அங்கிருந்தே. டக்கோட்டாவுக்கு இரண்டு எந்திரங்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள். படகின் எந்திரம் நின்றால் பாயை விரிக்கலாம். வானத்தில் விரிப்பதற்குப் பாயில்லை. இதனாலன்றோ, விமானத் தொழிற்கூடங்களில் ஒவ்வொரு கருவியின் உருவையும் பலகையில் வரைந்து, வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்கின்றனர்! ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் புறப்படலாகாது என்பது நியதி.

அந்நியதி தவறியதுமுண்டு. 2023 டிசம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானமொன்றின் எந்திரத்தைச் சோதித்தவர்கள், 1.25 மீற்றர் நீளமான நைலோன் கருவியொன்றை உள்ளேயே விட்டுவிட்டனர். கருவி ஒன்று குறைகின்றது என்பது தெரிந்திருந்தும், தொலைந்த கருவிக்கென வகுத்த தேடல் முறை, விமானம் விடுவிக்கப்படுமுன் தொடங்கப்படவில்லை. 34 பயணங்கள் சென்ற பின்னரே, 2024 சனவரியில், உருக்குலைந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. எவருக்கும் தீங்கு நேராதது நற்பேறு. நற்பேற்றை நம்பி விமானம் ஓட்டலாமா?

நட்டு விழுதல் குற்றமன்று. கைதேர்ந்தவர் கையிலிருந்தும் அது விழும். விழுந்ததைச் சொல்லாமல் மூடிவிடுதலே குற்றம். ஆனால், அந்த மௌனத்தைப் பயிலுநனுக்குக் கற்பிப்பவர் யார்? “விழுந்துவிட்டது, ஐயா” என்று வந்து நிற்கும் சிறுவனைக் கன்னத்தில் அறையும் மேற்பார்வையாளர் அல்லரோ? அறை வாங்கியவன் அடுத்த முறை நட்டைத் தவறவிடாமல் இருக்கப் போவதில்லை. சொல்லாமல் இருக்கப் பழகுவான். வீட்டிலும் இதுவே நடக்கின்றது. தொழிற்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு உண்மை சொல்லும் குழந்தையை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதிலேயே அப்பயிற்சி தொடங்கிவிடுகின்றது. உண்மை சொல்லி அடிபடாத பிள்ளை, நாளை எந்திரத்தின் முன்னே நின்று, “சுழற்றாதீர்கள், உள்ளே நட்டு கிடக்கின்றது” என்று துணிந்து சொல்வான்.