டப்பா வாங்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீர்

போன ஆடித் தள்ளுபடியில், கோவையில் இருக்கும் என் மருமகள் 24 பிளாஸ்டிக் டப்பாக்கள் கொண்ட ஒரு செட் வாங்கினாள். 1,900 ரூபாய் சொச்சம். எல்லாம் ஒரே அளவு. உள்ளே இருப்பது வெளியே தெரியும். பெயர் எழுதி ஒட்ட ஸ்டிக்கர் வேறு. நான் அனுப்பிய தட்டைப்பயறையும் வரகரிசியையும் அதில் கொட்டி, அடுக்கி, படம் எடுத்து அனுப்பினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. புரட்டாசியில் போன் வந்தது. "மாமா, பயறு பூரா வண்டு. வரகரிசி சிக்கு வாடை அடிக்குது. கடையில வாங்குறதுல இப்படி வர்றதில்லையே?"

சுருக்கென்றது. அதே மாதம் என்னிடம் வழக்கமாகப் பயறு வாங்கும் இரண்டு குடும்பங்களும் இதையே சொல்லி நின்றுவிட்டன. நஞ்சில்லாமல் விளைவித்து, நல்லபடியாக விற்று, கடைசியில் அடுப்படி அலமாரியில் தோற்றுப்போகிறோம். அதனால்தான் டப்பா வாங்குவதைப் பற்றி ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதுகிறேன். வீட்டுப் பெண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

பயறு வண்டு டப்பாவில் பிறப்பதில்லை. வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டுவிடுகிறது. பயறின் மேல் வெள்ளைப் புள்ளி மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். கிடங்குகளில் நச்சுப்புகை போட்டு வண்டை அடக்குகிறார்கள். நாம் போடுவதில்லை. ஆகவே நம் தானியத்துக்கு நல்ல காய்ச்சலும் நல்ல மூடியும்தான் மருந்து. மருமகள் வாங்கிய டப்பாவின் மூடி உட்காரத்தான் செய்தது, இறுகவில்லை. அது டப்பாவின் குற்றம். பயறைச் சரியாகக் காயவைக்காமல் அவசரத்தில் அனுப்பியது என் குற்றம்.

வங்கியில் பல வருடம் கடன் பிரிவில் இருந்தவன் நான். எவ்வளவு வேண்டும் என்பதற்கு முன்னால் எதற்கு வேண்டும் என்று கேட்பது பழக்கம். டப்பாவிடமும் அதையே கேட்கலாம். ஈரத்தையும் வண்டையும் தடுக்கவா, அழகாக அடுக்கவா? அடுக்குவதற்கு மட்டும் என்றால் வீட்டில் இருப்பதே போதும்.

தடுக்கத்தான் என்றால் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடியுங்கள். சொட்டினால் காற்றும் போகும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ரப்பர் வளையம் வைத்து கிளிப் போட்டு இறுக்கும் எவர்சில்வர் டப்பா இந்தச் சோதனையில் தேறும். வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வாய் அகலமாக, கை உள்ளே போய்த் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். சதுர டப்பா இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மூலையில் தங்கும் மாவில்தான் பூச்சி குடியிருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. காற்றுப்புகாத டப்பா நிறைந்திருந்தால்தான் வேலை செய்யும். உள்ளே மிஞ்சிய கொஞ்சம் காற்றையும் வண்டே சுவாசித்துத் தீர்த்துச் சாகிறது. பாதி காலியான பெரிய டப்பாவில் அதற்கு வேண்டிய காற்று இருக்கிறது. போதாக்குறைக்கு நாம் தினமும் திறக்கிறோம். ஆகவே பெரிதாக ஒன்று வாங்குவதைவிட இரண்டு கிலோ பிடிப்பதாக மூன்று வாங்கி, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறப்பது மேல். ஒரு மாதத்தில் தீரும் சாமானுக்கு இந்தச் செலவே வேண்டாம், சாதாரண எவர்சில்வர் டப்பா போதும்.

உப்புக்கும் புளிக்கும் பீங்கான் ஜாடி வாங்கலாம், எவர்சில்வரை உப்பு அரித்துவிடும். அஞ்சறைப் பெட்டிக்குக் கொடுத்த காசு வீண் போய் நான் பார்த்ததில்லை. சுற்றும் தட்டு, ஸ்டிக்கர், வெங்காயத்துக்கு மூடி போட்ட கூடை எல்லாம் வெட்டிச் செலவு. வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், மூங்கில் கூடை போதும்.

வரகரிசி விஷயத்தில் எந்த டப்பாவும் முழுக்க உதவாது. தவிட்டோடு இருக்கும் எண்ணெய்ச் சத்துதான் சிக்குப் பிடிக்கிறது. தீட்டிய தேதியைப் பையில் எழுதி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

நம் நண்பர்கள் சிலர், குதிருக்கும் மண்பானைக்கும் திரும்ப வேண்டும் என்பார்கள். எனக்கும் ஆசைதான். மூன்றாவது மாடியில் இரண்டு அறையில் குடியிருப்பவர் குதிரை எங்கே வைப்பார்? இருக்கிற பிளாஸ்டிக்கைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மருமகளின் 24 டப்பாவில் இப்போது நூல்கண்டு, மெழுகுவர்த்தி, பேரனின் கலர் பென்சில் எல்லாம் இருக்கின்றன.

இந்த வருடம் மாசி அறுப்புப் பயறை என் மனைவி நான்கு வெயில் காயவைத்தாள். பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்வரை என்னைத் தொடவிடவில்லை. "சூட்டோட அடைக்காதீங்க, வேர்த்துப்போகும்" என்று ஒரு ராத்திரி ஆறவும் வைத்தாள். 450 ரூபாய் வீதம் ஆறு டப்பா வாங்கி, விளிம்புவரை நிரப்பி, டப்பாவுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். நின்றுபோன இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்ப வந்தது. ஆடி முடிவதற்குள் ஐந்து டப்பாக்கள் காலியாகி அடுத்த நடைக்கு வந்துவிட்டன. ஆறாவது மருமகளிடம் இருக்கிறது. முன்பணமும் தரவில்லை, டப்பாவும் தரமாட்டாளாம்.