எந்த லாரியில் பழகுவது?

உங்களில் சிலருடைய அண்ணன்மார் இப்போது லாரி ஓட்டப் பழகிக்கொண்டிருக்கலாம். நாளை நீங்களும் பழகக்கூடும். கையால் கியர் போடும் லாரியில் பழகுவதா, தானே கியர் மாற்றிக்கொள்ளும் லாரியிலா?

தானியங்கி என்றவுடன் உள்ளே ஏதோ மாய யந்திரம் இருப்பதாக எண்ண வேண்டாம். இன்று லாரிகளில் வருவது பெரும்பாலும் பழைய பற்சக்கரப் பெட்டியேதான். கிளட்சை விலக்கிக் கியரை மாற்றும் வேலையைக் காற்றழுத்தத்தால் இயங்கும் உறுப்புகள் செய்கின்றன. அவற்றுக்கு ஒரு சிறு கணிப்பொறி ஆணையிடுகிறது. நகர நெரிசலில் நாள் முழுதும் கிளட்சை மிதித்த இடது காலுக்கு இதன் அருமை தெரியும். "கியர் போடத் தெரியாதவன் ஒரு டிரைவரா?" என்று கேலி பேசுவோர் கட்சியில் நான் இல்லை.

இருந்தாலும், முதலில் கையால் கியர் போடும் லாரியிலேயே பழகுங்கள் என்பேன். காரணம் ஏற்றம் அல்ல; இறக்கம்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னே சென்ற வண்டிகளில் மோதி எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 4 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும்! வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இந்த ஆற்றல் வெப்பமாக எங்காவது போயாக வேண்டும். பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால், டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

தாழ்ந்த கியரில் இறங்கினால் சக்கரங்கள் என்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. கியர் தாழத் தாழ, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு என்ஜின் அதிகச் சுற்றுகள் சுற்றும். அந்த அளவுக்கு அது முரண்டு பிடித்து வண்டியை இழுத்து நிறுத்தும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் விதி. இன்றைய வலுவான என்ஜின்களுக்கு அதைவிடத் தாழ்ந்த கியரும் தேவைப்படலாம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இந்தப் பிடிப்பை அறவே இழக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் இன்றைய என்ஜின்கள் டீசலையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் என்ஜின் ஓடக் கொஞ்சம் டீசல் செலவாகிறது!

தானியங்கி லாரியிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. ஆனால் சரிவு தொடங்குமுன் அதைச் செய்ய வேண்டும் என்று தோன்ற வேண்டுமே! ஆயிரம் முறை கையால் கியர் போட்டவருக்கு என்ஜினின் ஓசையே அதைச் சொல்லிவிடும். நல்ல பயிற்சிப் பள்ளி இதைச் சொல்லியும் கொடுக்கலாம். ஆனால் சொல்லிக் கேட்டது வேறு, கைப்பழக்கம் வேறு.

பிழைப்புக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் தானியங்கி லாரியில் தேர்வு கொடுத்தவரின் உரிமத்தில், கையால் கியர் போடும் லாரியை ஓட்டக்கூடாது என்று குறித்துவிடுவார்கள். நம் நாட்டில் அப்படிக் குறிக்காவிட்டாலும், சாலையில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை இன்னும் கையால் கியர் போடுபவையே. பழகிய பிறகு தானியங்கி லாரி கிடைத்தால் தயங்காமல் ஏறி உட்காருங்கள். தொப்பூர் வருமுன் மட்டும் கியரை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.