சிறு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குப்பையை அங்கேயே உரமாக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
தென்சென்னை.

பெறுநர்
1. அரசுச் செயலாளர் அவர்கள், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.
2. ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

நாள்: 18.08.2025

பொருள்: சிறு அடுக்குமாடிக் கட்டடங்களில் மக்கும் குப்பையை வளாகத்திலேயே உரமாக்கவும், மறுசுழற்சிப் பொருள்களை முறையாகச் சேர்ப்பிக்கவும் தேவையான ஏற்பாடுகள் – வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 – விதி 4.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



எட்டு வீடு, பன்னிரண்டு வீடு, மிஞ்சினால் இருபது வீடு கொண்ட சிறிய அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர்கள் நாங்கள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே கார், பைக் நிறுத்தம். சுற்றிலும் ஓராள் நடக்கும் அளவுக்குச் சந்து. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும். தோட்டமோ மேலாளரோ துப்புரவுக்கென்று முழுநேர ஆளோ எங்களுக்குக் கிடையாது. காலையில் வந்து படி பெருக்கிவிட்டுப் போகும் ஓர் அம்மாவும், சில கட்டடங்களில் ஒரு காவலாளியும்தான். சென்னையின் உட்தெருக்களில் நடந்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் இத்தகைய கட்டடங்களே. இவற்றின் சமையலறைகளில் நாள்தோறும் சேரும் காய்கறித் தோல், காபித்தூள் சக்கை, மீன் முள், மிஞ்சிய சோறு எல்லாம் வாசலைத் தாண்டாமல் அங்கேயே, முடியாவிட்டால் அதே தெருவுக்குள், உரமாக வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அதற்குத் தடையாக நிற்பவற்றை நீக்கும் அதிகாரம் தங்களிடம் இருப்பதால் இம்மனுவை அளிக்கிறோம்.

இது புதிதாக நாங்கள் கண்டுபிடித்துக் கேட்பதன்று. குடியிருப்போர் நலச் சங்கங்கள் குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், மறுசுழற்சிப் பொருளை அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் அன்றே சொல்லிவிட்டன. உள்ளாட்சி அமைப்போடு கூட்டாக இதைச் செய்ய வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருந்தது. அவ்விதிகளில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குவோருக்குத் தனி வகைப்பாடு இருந்தது. பேச்சும் கூட்டமும் நோட்டீசும் இயல்பாகவே அவர்களை நோக்கிப் போகின்றன. 100 கிலோ சேர வேண்டுமானால் ஐம்பது, அறுபது வீடுகளாவது வேண்டும். பன்னிரண்டு வீட்டுக் கட்டடம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அப்படிப்பட்ட ஐந்தாறு கட்டடங்கள் ஒரே தெருவில் நின்றால், அந்தத் தெருவின் குப்பை ஒரு பெரிய வளாகத்தின் குப்பைக்குச் சமம். விதி சொன்ன அந்தக் கூட்டு எங்கள் வாசல் வரை வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எங்கள் வாசலிலிருந்து போகும் குப்பை எங்கே சேர்கிறது என்பதை நாங்கள் மறக்க விரும்பவில்லை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பை மலைகளைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியை மாநகராட்சி நடத்தி வருகிறது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே எழுந்தது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய தீக்கு வெளியிலிருந்து யாரும் வந்து நெருப்பு வைக்க வேண்டியதில்லை. காற்றுப் புகாமல் புதையுண்ட சோறும் காய்கறியும் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது பற்றிக்கொள்ளக் கோடை வெயிலும், இடையிடையே கிடக்கும் பிளாஸ்டிக்கும் போதும். கொடுங்கையூரிலோ குப்பை எரிஉலை அமைக்க வேண்டாம் என்று அப்பகுதி மக்கள் போராடி வருகிறார்கள். நம் வீட்டு ஈரக் குப்பை எளிதில் எரியாது. அதில் பெரும்பகுதி தண்ணீர். அதை உலர்த்தி எரித்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாட்டின் புகையையும் சாம்பலையும் வடசென்னை சுமக்க வேண்டியிருக்கும். தென்சென்னையில் குடியிருக்கும் நாங்கள், எங்கள் வீட்டு எச்சத்தை இன்னொருவர் மூச்சில் கொண்டுபோய்ச் சேர்க்க விரும்பவில்லை.

உரமாக்குவது கடினமான வேலையன்று. எங்கள் உறுப்பினர் கட்டடங்கள் சிலவற்றில் காற்றுத் துளையிட்ட டிரம்களையும் அடுக்கு மண்தொட்டிகளையும் வைத்து நடத்தி வருகிறோம். ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு அதே அளவு, சில நாள் அதற்கும் அதிகமாக, காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க்கழிவு போட வேண்டும். தொடக்கத்தில் புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்தால் நுண்ணுயிர்கள் பெருகும். சில நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இவை சரியாக இருந்தால் தொட்டியின் நடுப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். இரண்டு மாதத்துக்குள் கறுத்துப் பொடிந்த, மழை பெய்த மண் வாசம் கொண்ட உரம் கிடைக்கும். போட்ட எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாற்றம் என்பது சருகு குறைந்ததற்கும் காற்று போகாததற்கும் அடையாளம். சருகைச் சேர்த்துக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

ஆயினும் பல கட்டடங்களில் இது தொடங்கிய வேகத்தில் நின்றுபோகிறது. தரைத்தளத்து வீட்டுக்காரர் நாற்றமும் எலியும் வரும் என்று அஞ்சுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, தொட்டி அவர் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வீடு மாறிப் போகிறார், புதிதாக வருபவருக்கு முறை தெரிவதில்லை. ஐப்பசி அடைமழையில் சருகு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நனைந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. ஒரு சங்கம் தனியாக நின்று அந்தத் தீர்வுகளைச் செயல்படுத்த முடியாது. ஆகவே எங்கள் கோரிக்கைகளைக் கீழே முன்வைக்கிறோம்.

முதலாவதாக, இடம். பக்கவாட்டுச் சந்திலோ பின்புறத்திலோ கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய நிலத்தில் நகர்த்தக்கூடிய உரத்தொட்டி வைக்கலாம் என்று தெளிவான ஆணை வேண்டும். விதிமீறல் என்று யாராவது புகார் கொடுத்துவிடுவார்களோ என்ற தயக்கத்திலேயே பல சங்கங்கள் பின்வாங்குகின்றன. இனிக் கட்டப்போகும் கட்டடங்களுக்கு, அவை எத்தனை சிறியவையாக இருந்தாலும், திட்ட அனுமதியின்போதே உரத்தொட்டிக்கும் பிரித்த குப்பைக்கும் இடம் காட்ட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது முன்னுதாரணம் இல்லாத காரியமன்று. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைப் பழைய கட்டடம், புதிய கட்டடம் என்று பாராமல் கட்டாயமாக்கினோம். குழி எவ்வளவு ஆழம், உள்ளே என்ன ஜல்லி என்பதுவரை கொத்தனார்கள் கற்றுக்கொண்டார்கள். கிணறுகளில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் கண்ட பின் ஊரே அதை ஏற்றுக்கொண்டது. அந்த உறுதியை உரத்தொட்டியிலும் காட்ட வேண்டுகிறோம்.

உள்ளே இடமே இல்லாத கட்டடங்கள் நிறைய உண்டு. அவற்றுக்காக மாநகராட்சிப் பூங்காக்களிலும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களிலும் ஒரு மூலையில் தெருவுக்கான பொது உரத்தொட்டிகள் அமைத்துத் தர வேண்டும். கேரளத்தின் ஆலப்புழையில், ஊர்க் குப்பையைத் தங்கள் கிராமத்தில் கொட்டக் கூடாது என்று 2012-இல் சர்வோதயபுரம் மக்கள் மறித்த பிறகு, வீட்டுக்கு வீடு குழாயில் உரமாக்கும் அமைப்புகளும் எரிவாயுக் கலன்களும், தெருவுக்குத் தெரு காற்றோட்டமான உரத்தொட்டிகளும் வந்தன. பழைய குப்பைமேடாகக் கிடந்த இடங்களே அத்தகைய தொட்டிகள் நிற்கும் இடங்களாக மாறின. அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும்.

இரண்டாவதாக, சருகு. இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம் எனப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சருகு இல்லாவிட்டால் உரம் இல்லை. மாசி, பங்குனியில் நகரத்தின் தூங்குமூஞ்சி மரங்களும் வாகைகளும் கொட்டும் இலைகளைப் பெருக்கிக் குப்பையோடு குப்பையாக ஏற்றி அனுப்புகிறோம். சில இடங்களில் மூட்டையாகக் கட்டி ஓரத்தில் கொளுத்திவிடுகிறார்கள். அந்தச் சருகைப் பூங்காவில் கம்பி வலைக் கூண்டுகளில் சேர்த்து வைத்து, கேட்கும் கட்டடங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கென்று கூரையுள்ள இடத்தில் ஒரு பகுதியை இருப்பு வைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருவெங்கும் குவியும் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும், கோயில் வாசல் பூமாலைகளும், இளநீர்க் கடை மட்டைகளும் இதே ஏற்பாட்டில் தனியாகச் சேகரிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பிரித்துக் கொடுத்த குப்பை பிரிந்தபடியே போய்ச் சேர வேண்டும். எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது என்ற எண்ணம் ஒரு வீட்டில் வந்துவிட்டால் கட்டடம் முழுவதும் பரவிவிடும். பிறகு எந்தச் சுவரொட்டியும் அதைத் திருத்தாது. மக்காத குப்பைக்கு வாரத்தில் இரு நாள் குறித்து, அன்று அது மட்டும் எடுக்கப்பட வேண்டும். பெங்களூருவில் மாவள்ளிபுர மக்களின் எதிர்ப்பால் 2012-இல் குப்பை தெருக்களில் தேங்கியது. பின்னர் 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையைக் கட்டாயமாக்கியது: ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, சுகாதாரக் கழிவுக்கு ஒரு தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு பை. எந்த நிறத் தொட்டியில் என்ன என்பதில் குழப்பத்துக்கு இடமில்லாத எளிய முறை அது.

நான்காவதாக, குப்பையைத் தொடும் கைகள். எங்கள் வாசலில் நின்று குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர்கள் உடைந்த கண்ணாடியாலும் பிளேடாலும் கிழிபடுகிறார்கள். பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் காய்கறித் தோலிலிருந்து கையால் பிரித்தெடுக்க வேண்டிய நிலைக்கு எந்த மனிதரும் தள்ளப்படக் கூடாது. நீரிழிவு உள்ளவர் இல்லாத கட்டடம் இன்று சென்னையில் அரிது. இன்சுலின் ஊசிகள் சாதாரணக் கவர்களில் குப்பைக்கு வருகின்றன. பயன்படுத்திய ஊசிகளையும் காலாவதியான மருந்துகளையும் மருந்துக் கடைகளே ஊசி துளைக்காத பெட்டிகளில் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். பாதரசம் உள்ள குழல் விளக்குகள், பேட்டரிகள், பெயின்ட் டப்பாக்களுக்கு வார்டு அலுவலகத்தில் நிரந்தரப் பெட்டி வேண்டும். 2024 டிசம்பரில் வெளியான வரைவு விதிகள் சுகாதாரக் கழிவையும் தனி வகையாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. அதை இங்கே உடனே தொடங்கலாம். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களை அங்கீகரித்து முறையான அமைப்புக்குள் கொண்டுவரச் சொன்னதும் 2016 விதிகள்தான். மக்காத குப்பையில் பால் கவர், அட்டை, பாட்டில், இரும்பு ஆகியவற்றுக்கு விலை உண்டு. அந்த வருமானம் அவற்றைப் பிரிக்கும் தொழிலாளர்களையே சேர வேண்டும். தெருமுனைக் காயலான் கடைகளைப் பதிவு செய்து இந்த ஏற்பாட்டில் இணைக்க வேண்டும். அவை இல்லாமல் இந்நகரத்தின் மறுசுழற்சி ஒரு நாளும் நடந்ததில்லை. விலை போகாத சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை, உற்பத்தி செய்த நிறுவனங்களே தங்கள் பொறுப்பில் திரும்ப எடுக்க வைப்பது அரசின் கையில் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வார்டுக்கு ஓர் உரப் பயிற்றுநர் வேண்டும். துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போகாமல், முதல் தொட்டி முதிரும்வரை அவர் வந்து பார்க்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகளோடு உரத்தொட்டியையும் சேர்க்க வேண்டும். எங்களிடம் மிஞ்சும் உரத்தைப் பரிசோதித்துப் பூங்காக்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் மாநகராட்சி எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரக் குப்பையை வெளியே அனுப்பாத கட்டடங்களுக்கு, ஆய்வு செய்து, சொத்து வரியில் சலுகை அளிக்க வேண்டும். குப்பையை ஏற்றிச் செல்லும் செலவை அந்தக் கட்டடங்கள் மிச்சப்படுத்தித் தருகின்றன அல்லவா? தென் கொரியா உணவுக் கழிவை நேரே நிலத்தில் கொட்டுவதை 2005-இல் தடை செய்தது. பின்னர் எடைக்கேற்ற கட்டணம் வந்தது. அடுக்குமாடி வாசலில் எடைபோடும் தொட்டிகள் நிற்கின்றன. அபராதத்தில் தொடங்குவதைவிடச் சலுகையில் தொடங்குவதே இங்கே பலன் தரும் என்பது எங்கள் கருத்து.

எங்கள் பங்கையும் உறுதியளிக்கிறோம். உறுப்பினர் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் குப்பைக்குப் பொறுப்பான இருவரை நியமிப்போம். வாடகை ஒப்பந்தத்தோடு பிரிக்கும் முறை குறித்த தாளை இணைப்போம். உரத்தொட்டியைக் கிளறும் பணிக்குப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தனி ஊதியம் கொடுப்போம். படி பெருக்கும் அம்மாவின் தலையில் அதைக் கூலியின்றி ஏற்றமாட்டோம். மாதந்தோறும் உரமான குப்பையின் எடையை வார்டு அலுவலகத்துக்கு எழுதித் தருவோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபர் முதல் வாரத்துக்குள், எங்கள் பகுதியில் ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள சிறு கட்டடங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய முன்னோடித் திட்டத்தைத் தொடங்க ஆணையிடுமாறும், அதன் விவரங்களைப் பேசி முடிவு செய்யச் சங்கப் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர்              செயலாளர்

இணைப்பு: உறுப்பினர் கட்டடங்களின் பட்டியலும் குடியிருப்போர் கையொப்பங்களும்.

நகல்: மண்டல அலுவலர், வார்டு மாமன்ற உறுப்பினர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை – 600 032.